1987–89 கேடிலாக் புரோம்: கைக்கெட்டும் விலையில் ஒரு சேகரிப்புக் கார்

பழைய கார்ச் சந்தையில் நல்ல நிலையும் குறைந்த விலையும் ஒரே வண்டியில் சேர்ந்து அமைவது அரிது. நன்றாகப் பேணப்பட்ட கார் என்றால் அதைத் தேடுவோர் பலர் இருப்பார்கள், விலை ஏறிவிடும். விலை இறங்கியிருந்தால் எங்கோ துருவோ விபத்தோ மறைந்திருக்கும். இந்தப் பொதுவிதிக்கு அமெரிக்காவில் நெடுங்காலமாக ஒரு விலக்கு இருந்து வருகிறது. 1980களின் பிற்பகுதியில் அந்நாட்டு நிறுவனங்கள் செய்த சொகுசு செடான்கள், குறிப்பாக கேடிலாக் புரோம், லிங்கன் டவுன் கார், கிரைஸ்லர் ஃபிஃப்த் அவென்யூ ஆகியவை, முதல் உரிமையாளரின் கராஜை விட்டு அதிகம் வெளியே வராதவை போன்ற நிலையில் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. அவற்றுக்குக் கேட்கப்படும் விலை, ஒரு சாதாரணப் புதிய குடும்பக் காரின் விலையில் பாதியைத் தாண்டுவது அபூர்வம்.

இவற்றுள் 1987, 1988, 1989 ஆகிய மூன்று மாடல் ஆண்டுகளின் கேடிலாக் புரோமை மட்டும் இந்த ஆய்வு எடுத்துக்கொள்கிறது. இந்த மலிவு எங்கிருந்து வந்தது, வாங்கிய பிறகும் அது மலிவாகவே நிற்குமா என்பவைதான் கேள்விகள். முதல் கேள்விக்கான விடை எளியது: இந்த வண்டியை மலிவாக்கிய காரணமும் இத்தனை வண்டிகளை நல்ல நிலையில் காப்பாற்றிய காரணமும் ஒன்றே. இரண்டாவதற்கான விடை, வாங்குபவர் வண்டியின் எந்தப் பகுதியைப் பார்த்துப் பணம் கொடுக்கிறார் என்பதைப் பொறுத்தது.

பின்தங்கியதால் பிழைத்த வண்டி

1976 வரை கேடிலாக்கின் பெரிய கார்களில் 8.2 லிட்டர் வி8, அதாவது எட்டு சிலிண்டர், இன்ஜின் இருந்தது. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியும், 1975இல் அமெரிக்கா இயற்றிய எரிபொருள் சிக்கனச் சட்டமும் சேர்ந்து, கேடிலாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் தன் முழு அளவுக் கார்கள் அனைத்தையும் 1977ஆம் மாடலில் ஒரே வீச்சில் சிறிதாக்கும்படி செய்தன. அப்போது உருவான சேஸிஸ், 121.5 அங்குலச் சக்கர இடைவெளியுடன், 1980இல் வெளித்தகடுகள் மட்டும் திருத்தப்பட்டு, 1992 வரை உற்பத்தியில் நீடித்தது. தனிச் சட்டகத்தின் மேல் உடலைப் பொருத்தும் பழைய கட்டுமானம், முன்னால் நீளவாக்கில் அமைந்த வி8 இன்ஜின், பின்சக்கர இயக்கம், ஏறத்தாழ 5.6 மீட்டர் நீளம், 1,900 கிலோவை ஒட்டிய எடை: இவை கடைசிவரை மாறவில்லை.

மாறிக்கொண்டே இருந்தது இன்ஜின்தான், அதுவும் பெரும்பாலும் மோசமான திசையில். 1981இல் தேவைக்கேற்ப எட்டு, ஆறு, நான்கு சிலிண்டர்களில் ஓடும் வி8 வந்தது. அன்றைய கணினியின் வேகம் அந்த யோசனைக்கு ஈடுகொடுக்கவில்லை, உரிமையாளர்கள் பலர் அந்த அமைப்பின் இணைப்பைத் துண்டித்துவிட்டு எட்டு சிலிண்டரிலேயே ஓட்டினார்கள். 1982 முதல் 1985 வரை எச்.டி.4100 என்ற 4.1 லிட்டர் இன்ஜின் இருந்தது. அலுமினிய பிளாக்கின் மேல் வார்ப்பிரும்பு ஹெட் வைத்த அந்த இன்ஜின், குளிர்விப்பு நீர் எண்ணெயில் கலக்கும் கோளாறுக்குப் பெயர்போனது. அது சரியாக ஓடினாலும் இத்தனை கனமான உடலை இழுக்கத் திணறியது. டீசல் வேண்டியவர்களுக்கு அதே குழுமத்தின் இன்னொரு பிராண்டான ஓல்ட்ஸ்மொபீலின் 5.7 லிட்டர் டீசல் இன்ஜின் கிடைத்தது. அமெரிக்கர்கள் டீசல் காரையே வெறுக்கும்படி செய்த இன்ஜின் என்று அதைச் சொன்னால் மிகையாகாது.

இதற்கிடையில் 1985இல் நிறுவனம் டிவில் என்ற தன் மற்றொரு கார் வரிசையை முன்சக்கர இயக்கத்துக்கு மாற்றி, நீளத்தை ஏறத்தாழ 65 செ.மீ. குறைத்தது. பெட்ரோல் விலை ஏறிக்கொண்டே போகும் என்ற கணிப்பில் எடுத்த முடிவு அது. ஆனால் 1986இல் உலக எண்ணெய் விலை சரிந்தது, அமெரிக்காவில் ஒரு கேலன் பெட்ரோலின் சராசரி விலை ஒரு டாலருக்குக் கீழே வந்தது, சிறிதாக்கப்பட்ட கேடிலாக்கோ அதே நிறுவனத்தின் ப்யூயிக், ஓல்ட்ஸ்மொபீல் கார்களிலிருந்து வேறுபடுத்தி அறிய முடியாத தோற்றத்தில் நின்றது. போட்டியாளரான லிங்கன், ஊழியரே காரை நிறுத்தி எடுத்துவரும் வாலே பார்க்கிங்கில் எது யாருடைய கார் என்று தெரியாமல் உரிமையாளர்கள் குழம்பும் தொலைக்காட்சி விளம்பரத்தையே எடுத்து இதைக் கேலி செய்தது.

இந்தச் சூழலில்தான் ஃப்ளீட்வுட் புரோம் என்ற பழைய நீளமான வண்டிக்குத் தொடர்ந்து ஆர்டர் வந்தது. 1986ஆம் மாடலில் எச்.டி.4100 நீக்கப்பட்டு, ஓல்ட்ஸ்மொபீலின் 307 கன அங்குல, அதாவது 5 லிட்டர் வி8 பொருத்தப்பட்டது. 1987இல் ஃப்ளீட்வுட் என்ற முன்பெயர் முன்சக்கர இயக்க வண்டிக்குப் போய்விட, இது வெறும் புரோம் ஆனது. டெட்ராய்ட்டில் கிளார்க் தெருவில் இருந்த பழம்பெரும் கேடிலாக் தொழிற்சாலை 1987 இறுதியில் மூடப்பட்டபின் டெக்சஸ் மாநிலத்து ஆர்லிங்டனில் உற்பத்தி தொடர்ந்தது. 1988ஆம் மாடலின் தொடக்க விலை 24,000 டாலரை ஒட்டியிருந்தது. இன்றைய பண மதிப்பில் அது 60,000 டாலரைத் தாண்டும்.

யார் வாங்கினார்கள், யார் வாங்கவில்லை

மலிவுக்கான விளக்கம் பொறியியலில் இல்லை, வாங்கியவர்களின் வயதில் இருக்கிறது. 1980களின் இறுதியில் வசதி படைத்த இளையோர் மெர்சிடிஸ், பி.எம்.டபிள்யூ கார்களை நோக்கிப் போய்விட்டிருந்தார்கள். 1989இன் இலையுதிர்காலத்தில் லெக்சஸ் எல்.எஸ்.400 வந்து, 35,000 டாலரை ஒட்டிய விலையில் அமைதியும் வேகமும் பழுதின்மையும் சேர்ந்து கிடைக்கும் என்று காட்டியது. புரோமை வாங்கியவர்கள் பெரும்பாலும் பணி ஓய்வை எட்டியவர்கள். வாழ்நாள் முழுவதும் கேடிலாக் ஒன்றை வாங்குவதைத் தகுதியின் அடையாளமாக எண்ணி வந்து, அது கடைசியாகக் கைக்கு வந்தபோது, தாங்கள் இளமையில் பார்த்த கேடிலாக் போலவே அது இருக்க வேண்டும் என்று விரும்பியவர்கள்.

அவர்கள் அந்தக் காரை எப்படி வைத்திருந்தார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால் மீதி விளங்கும். கார் மூடிய கராஜில் நின்றது. ஞாயிறன்று தேவாலயத்துக்கும், இடைநாள்களில் மருத்துவரிடமும் கடைக்கும் போய்வந்தது. எண்ணெய் மாற்றும் தேதி தவறவில்லை, ரசீதுகள் ஓர் உறையில் சேர்ந்தன. சிலர் குளிர்காலத்தில் ஃப்ளோரிடாவுக்குக் குடிபெயர்ந்ததால் வண்டி உப்புத் தூவிய சாலையைக் காணவே இல்லை. உரிமையாளர் ஓட்டுவதை நிறுத்திய பின்னரோ இறந்த பின்னரோ பிள்ளைகள் அதை விற்கிறார்கள். அவர்களுக்கு அது நிறுத்த இடம் தேடவேண்டிய ஒரு பொருள், அவ்வளவுதான்.

சேகரிப்பாளர்கள் தங்கள் பதின்பருவத்தில் ஏங்கிய காரைத்தான் நாற்பது ஐம்பது வயதில் வாங்குகிறார்கள் என்பது இந்தச் சந்தையில் பலமுறை மெய்ப்பட்ட கருத்து. 1980களின் ஜப்பானிய, ஜெர்மானிய வேகக் கார்களின் விலை ஏறியது அப்படித்தான். புரோமை எந்தச் சிறுவனும் தன் அறைச் சுவரில் ஒட்டி வைக்கவில்லை. அது தாத்தாவின் கார். ஆக, கவனமாகப் பேணும் முதியவர்கள் வாங்கியதால் வண்டி நன்றாகப் பிழைத்தது, முதியவர்கள் மட்டுமே வாங்கியதால் அதற்கு அடுத்த தலைமுறை விருப்பம் உருவாகவில்லை. உற்பத்தியும் ஆண்டுக்குப் பல்லாயிரம் என்ற அளவில் இருந்ததால் அருமை என்ற காரணமும் விலையை உயர்த்தவில்லை.

இதற்கு எதிர்த்திசையில் இயங்கும் சக்திகளையும் சொல்ல வேண்டும். மலிவாகக் கிடைத்த பழைய கேடிலாக்குகளைத் தரையோடு தாழ்த்தி அலங்கரித்த லோரைடர்களாகவும், ஹூஸ்டன் நகரத்தில் ஸ்லாப் எனப்படும் அலங்கார வண்டிகளாகவும் மாற்றும் இளைஞர் பண்பாடு பல பத்தாண்டுகளாக வளர்ந்திருக்கிறது. (அங்கே 1983, 84ஆம் ஆண்டு கேடிலாக்குகளின் கம்பிச் சக்கரங்கள் வண்டியை விட மதிப்பானவை, அவற்றைப் பின்பற்றி வெளியே துருத்தி நிற்கும் சக்கரங்களைச் செய்வது ஒரு தனித் தொழிலாகவே ஆகிவிட்டது.) இறுதி ஊர்வல வண்டிகளாகவும் லிமோசின்களாகவும் உழைத்துத் தேய்ந்தவை ஏராளம். ஆகவே, மொத்தத்தில் பல இருந்தாலும், தொழிற்சாலை விட்டபடியே இருக்கும் வண்டிகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டு வருகிறது.

கெடுவது எது

புரோமைப் பார்வையிடச் செல்பவர் முதலில் இன்ஜின் மூடியைத் திறக்கச் சொல்வார். அது தவறான இடம். முதலில் பார்க்க வேண்டியது பம்பருக்கும் உடலுக்கும் இடையே உள்ள நிரப்புத் துண்டுகளை. மெதுவான மோதலில் பம்பர் உள்வாங்க வேண்டும் என்ற விதிக்காக, பம்பரை உடலிலிருந்து தள்ளிப் பொருத்தி, இடைவெளியை உடல் நிறத்திலேயே பூசப்பட்ட மென்மையான பிளாஸ்டிக் துண்டுகளால் மூடினார்கள். அந்தப் பிளாஸ்டிக் வெயிலிலும் வயதிலும் நாள்பட்ட அப்பளம் போல நொறுங்கிவிடும். கேடிலாக்கின் பக்கவாட்டில் பின்விளக்கருகே உடைந்த துண்டுக்குப் பின்னால் இருண்ட பள்ளம் தெரியும் காட்சி அமெரிக்கச் சாலைகளில் சாதாரணம். மாற்றுத் துண்டுகளை வெளி நிறுவனங்கள் ஃபைபர் கிளாசிலும் வளையும் பிளாஸ்டிக்கிலும் செய்கின்றன. அவை அப்படியே பொருந்துவதில்லை, தேய்த்து இழைத்து, உடலின் வெளிறிய நிறத்துக்கு இணையாகப் பெயின்ட் கலந்து அடிக்க வேண்டும். மூலத் துண்டுகள் வளையும் தன்மையோடு இருக்கும் வண்டி, ஏனையவற்றைப் பார்க்கும் முன்பே, நிழலில் வாழ்ந்த வண்டி என்று தெரிந்துவிடுகிறது.

அடுத்தது கூரை. புரோமின் கூரையில் பஞ்சு வைத்த வினைல் போர்த்தப்பட்டிருக்கும். தையலில் ஒரு விரிசல், பின்கண்ணாடியின் விளிம்புப் பட்டியில் ஒரு சிறு கசிவு, அவ்வளவு போதும். உள்ளே புகுந்த நீரைப் பஞ்சு உறிஞ்சி வைத்துக்கொள்ளும், தகடு கண்ணுக்குத் தெரியாமல் துருவும். பின்கண்ணாடியின் கீழ் மூலைகளில் வினைலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால் கீழே பொரிந்த துருவின் நெறுநெறுப்பு தட்டுப்படும். அப்படித் தட்டுப்பட்டால் விலையைக் குறைத்துக் கேட்பதை விட வேறு வண்டியைத் தேடுவதே மேல். வினைலை மாற்றுவது மட்டும் என்றால் ஆயிரம் டாலரைத் தாண்டிய செலவு. அதன் கீழே கண்ணாடியை எடுத்து, தகட்டை வெட்டி ஒட்டி, டிங்கரிங் செய்வது என்றால் வண்டியின் மதிப்பில் கணிசமான பகுதி அங்கேயே கரைந்துவிடும்.

வண்டி எந்த மாநிலத்தில் வாழ்ந்தது என்பது விற்பவர்கள் பெருமையாகச் சொல்லும் செய்தி. மிச்சிகன், ஒஹாயோ, நியூயார்க் போன்ற பனி மாநிலங்களில் சாலை உப்பு சட்டகத்தையும், கதவுகளின் கீழ் விளிம்பையும், டிக்கித் தளத்தையும் தின்றுவிடும். அரிசோனா, நெவாடா வண்டிகளில் துரு இருக்காது. ஆனால் பாலைவன வெயில் நிரப்புத் துண்டுகளையும், வினைலையும், டேஷ்போர்டின் மேற்பரப்பையும், கதவு ரப்பர்களையும் சுட்டெடுத்திருக்கும். புரோமில் விலைமதிப்பான பகுதிகள் வெயிலில் கெடும் பகுதிகளாகவே இருப்பதால், துரு இல்லாத பாலைவன வண்டி என்ற விளம்பரத்தை இங்கே பாதி பொருளோடு மட்டும் ஏற்க வேண்டும். பனி மாநிலத்தில் பிறந்து, குளிர்காலம் முழுவதும் மூடிய கராஜில் உறங்கிய வண்டிதான் என் கணிப்பில் முதல் தேர்வு.

உட்புறத்தைப் பொறுத்தவரை, டெலிகான்ஸ் என்ற உயர் அலங்காரத் தேர்வில் வந்த, பொத்தான் வைத்துத் தைத்த தலையணை போன்ற இருக்கைகளே இந்தக் காரின் அழைப்பிதழ். அவற்றின் வெல்வெட் போன்ற வெலூர் துணி வியக்கத்தக்க அளவு நீடிக்கிறது. லெதர் இருக்கைகள் ஓட்டுநர் பக்கத்தில் வெடித்திருக்கும். கூரையின் உட்துணி தொங்கியிருப்பது அக்கால ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் அனைத்துக்கும் உரிய நோய், ஏனெனில் துணிக்குப் பின்னால் ஒட்டிய நுரைப் பஞ்சு பொடியாகிவிடும். சில நூறு டாலரில் சரிசெய்யலாம் என்பதால் அதைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. இருக்கையை நகர்த்தும் மின்மோட்டார்கள், கண்ணாடி ஏற்றிகள், இருட்டியதும் தானே எரியும் முகப்பு விளக்குகள், முன் மட்கார்டின் நுனியில் நின்று எந்த விளக்கு எரிகிறது என்று ஒளியிழை வழியே ஓட்டுநருக்குக் காட்டும் சிறு கண்கள் ஆகிய அனைத்தையும் ஒவ்வொன்றாக இயக்கிப் பார்க்க வேண்டும். அந்த ஒளியிழைக் கண்கள் எரியும் ஒரு புரோமைப் பார்த்தால் மனம் இளகுவது இயல்பு. விலை பேசும்போது அதைக் காட்டிக்கொள்ளாதிருப்பது நல்லது.

இன்ஜினும் கியர்பாக்ஸும்

ஓல்ட்ஸ்மொபீல் 307 இன்ஜினின் திறன் 140 குதிரைத்திறன். இத்தனை பெரிய காருக்கு அது குறைவு, நெடுஞ்சாலையில் முந்துவதற்கு முன்கூட்டியே திட்டமிட வேண்டும். ஆனால் அதன் முறுக்குவிசையான 255 பவுண்டு-அடி, நிமிடத்துக்கு 2,000 சுழற்சியிலேயே கிடைத்துவிடுகிறது. நகரத்தில் பாதத்தை லேசாக வைத்தாலே வண்டி ஓசையின்றி நகர்வதற்கு இதுவே காரணம். வார்ப்பிரும்பு பிளாக், வார்ப்பிரும்பு ஹெட், அவசரப்படாத சுழற்சி: எண்ணெயும் நீரும் ஒழுங்காக மாற்றப்பட்ட 307 நெடுங்காலம் உழைக்கும். ஜெனரல் மோட்டார்ஸின் பல பிராண்டுகளில் ஓடிய இன்ஜின் என்பதால் உதிரிபாகங்கள் சாதாரணக் கடைகளிலேயே கிடைக்கின்றன.

சிக்கல் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் கார்புரேட்டரில் இருக்கிறது. ரோசெஸ்டர் குவாட்ராஜெட் என்ற நான்கு துளைக் கார்புரேட்டரை ஒரு கணினி, புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் உணரியின் செய்தியைக் கேட்டு, கலவையை இடைவிடாது திருத்தும்படி அமைத்தார்கள். கார்புரேட்டர் யுகத்துக்கும் மின்னணு எரிபொருள் செலுத்தும் யுகத்துக்கும் நடுவே பிறந்த இந்த ஏற்பாட்டை அறிந்த மெக்கானிக்குகள் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். இன்ஜின் மேற்புறத்தில் பின்னிக் கிடக்கும் மெல்லிய வெற்றிடக் குழாய்களில் ஒன்று வெடித்தாலும் நின்ற நிலையில் இன்ஜின் தடுமாறும். அதைக் கண்டுபிடிக்காமல் கார்புரேட்டரைக் கழற்றித் திருகுகளைத் திருப்பிய கைகள்தான் பல வண்டிகளைக் கெடுத்திருக்கின்றன. குழாய்கள் எங்கே செல்ல வேண்டும் என்று காட்டும் வரைபட ஒட்டி இன்ஜின் அறையிலேயே இருக்கும். அது கிழியாமல் இருப்பதும் குழாய்கள் அதன்படியே இருப்பதும், யாரும் அவசரப்பட்டு வித்தை காட்டவில்லை என்பதற்கு நல்ல சான்று.

200-4ஆர் என்ற நான்கு வேகத் தானியங்கி கியர்பாக்ஸில் ஒரே ஒரு எச்சரிக்கை போதும். ஆக்சிலரேட்டர் திறப்பை கியர்பாக்ஸுக்குச் சொல்லும் கேபிள் சரியான இழுவிசையில் இருக்க வேண்டும். அது தளர்ந்திருந்தால் உள் அழுத்தம் குறைந்து கிளட்ச் தகடுகள் எரிந்துவிடும். கார்புரேட்டரை வேறொருவர் கழற்றி மாட்டிய வரலாறு இருந்தால் இந்தக் கேபிளைச் சரிபார்க்காமல் நெடுந்தூரம் ஓட்டக் கூடாது.

ஏசி, ஆர்-12 கேஸுக்காக வடிவமைக்கப்பட்டது. ஓசோன் படலத்தைக் காக்கும் மொன்ட்ரியல் உடன்படிக்கையின் பேரில் அமெரிக்காவில் அதன் உற்பத்தி 1995 இறுதியோடு நின்றது, எனவே பெரும்பாலான வண்டிகள் ஆர்-134ஏ கேஸுக்கு மாற்றப்பட்டிருக்கும். பின்புறச் சுமைக்கேற்ப உயரத்தைச் சமன் செய்யும் காற்றுக் கம்ப்ரஸர் வேலை செய்யாவிட்டால் வண்டி பின்னால் தாழ்ந்து நிற்கும். பழுது பெரும்பாலும் ஒரு குழாயில்தான்.

ஓடிய தூரத்தைப் பற்றி ஒரு கருத்து. முப்பத்தைந்து ஆண்டில் 12,000 மைல் மட்டுமே ஓடிய வண்டி என்றால் விலை தனி உயரத்துக்குப் போகிறது. ஓட்டாமல் காட்சிக்கு வைப்பவருக்கு அது பொருந்தலாம். ஓட்ட நினைப்பவருக்கு அது பொறுமையைச் சோதிக்கும், ஏனெனில் நெடுநாள் நின்ற வண்டியில் பெட்ரோல் டாங்கின் அடியில் கசடு படிந்திருக்கும், பிரேக் குழாய்கள் உள்ளே உப்பியிருக்கும், எண்ணெய்த் தடுப்பு ரப்பர்கள் காய்ந்து, ஓட்டத் தொடங்கிய சில வாரங்களில் ஒவ்வொன்றாகக் கசியும். டயர்களில் பூக்கள் முழுசாக இருக்கும், ரப்பர் செத்திருக்கும். 2000 முதல் செய்யப்பட்ட டயர்களில், பக்கவாட்டில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லிவிடும்; மூன்று எண்களே இருந்தால் டயர் அதற்கும் முந்தையது. 50,000 முதல் 70,000 மைல் வரை ஒழுங்காக ஓடி, ரசீதுகளோடு வரும் வண்டியே ஓட்டுவதற்கு ஏற்றது, விலையும் பல ஆயிரம் டாலர் குறைவு.

கணக்கு

ஓட்டத்தக்க ஆனால் சோர்ந்த ஒரு புரோம் 5,000 டாலருக்கும், துண்டுகள், கூரை, இருக்கைகள் யாவும் நன்றாக உள்ள ஒன்று 11,000 அல்லது 12,000 டாலருக்கும் கிடைப்பதாகக் கொள்வோம். இரண்டுக்கும் உள்ள குறைந்தது 6,000 டாலர் வேறுபாட்டைப் பார்த்ததும், முதலாவதை வாங்கிச் செப்பனிட்டுக் கொள்ளலாம் என்ற எண்ணம் எழும். நிரப்புத் துண்டுகளுக்கும் அவற்றின் பெயின்ட் வேலைக்கும் ஆயிரத்துக்கு மேல், வினைல் கூரைக்கு இன்னொரு ஆயிரத்துக்கு மேல், இருக்கைகளை ஒத்த துணியில் மறுபடி தைக்க இரண்டாயிரம், மங்கிய குரோம் பம்பர்களை மறுபூச்சு செய்ய ஆளுக்கொரு விலை. முழு உடலுக்கும் தரமான பெயின்ட் என்று இறங்கினால் அது மட்டுமே அந்த 6,000 டாலரை விழுங்கிவிடும். இவ்வளவும் செய்த பிறகு கையில் இருப்பது மறுபடி செய்யப்பட்ட வண்டி. சந்தை அதற்கும் மூல நிலையில் உள்ள வண்டிக்கும் ஒரே விலை தருவதில்லை, மூல நிலைக்கே கூடுதலாகத் தருகிறது.

1960களின் கேடிலாக் ஒன்றைச் செப்பனிடுபவர் செலவிட்டதில் ஒரு பகுதியையாவது விற்கும்போது திரும்பப் பெறலாம். புரோமில் அதற்கு இடமே இல்லை. இந்த வண்டியின் மலிவு, வேறொருவர் முப்பது ஆண்டுக்கு மேல் கராஜ் வாடகையும் கவனமும் செலவழித்துவிட்டார் என்பதனால் வந்தது. அந்தச் செலவைப் புதிய உரிமையாளர் தானே செய்ய முற்பட்டால் மலிவு மறைந்துவிடும். ஆகவே இன்ஜின் கோளாறுள்ள, ஆனால் உடலும் உட்புறமும் குறையற்ற புரோமை வாங்குவது பலவேளைகளில் புத்திசாலித்தனம். 307 இன்ஜினையோ 200-4ஆர் கியர்பாக்ஸையோ புதுப்பிக்க எத்தனையோ பட்டறைகள் இருக்கின்றன. 1988ஆம் ஆண்டின் குறிப்பிட்ட ஒரு நீல வெலூர் துணியை எந்தப் பட்டறையும் புதிதாக நெய்து தராது.

இதே ஆண்டின் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ், ஏறத்தாழ இதே விலைக்கே கிடைக்கலாம், பொறியியலில் அது எல்லா வகையிலும் உயர்ந்தது. வேறுபாடு வாங்கிய பின்னர் வரும்: அங்கே ஒரு எரிபொருள் செலுத்தும் கருவியின் விலையில் இங்கே ஒரு கியர்பாக்ஸையே புதுப்பித்துவிடலாம்.

பக்கத்தில் நிற்கும் வண்டிகள்

நியாயமாக ஒப்பிட வேண்டியது லிங்கன் டவுன் காரோடு. மிச்சிகனில் விக்சம் நகரத்துத் தொழிற்சாலையில் செய்யப்பட்ட அந்த வண்டியும் தனிச் சட்டகமும் பின்சக்கர இயக்கமும் கொண்டது. 1986 முதல் அதன் 5 லிட்டர் வி8க்கு ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியே எரிபொருள் செலுத்தும் ஏற்பாடு வந்துவிட்டது. 150 குதிரைத்திறன் என்பது பெரிய வேறுபாடு இல்லை. குளிர்ந்த காலையில் ஒரே திருப்பில் உயிர்பெறுவது பெரிய வேறுபாடு. அந்த இன்ஜின் குடும்பம் ஃபோர்டு மஸ்டாங்கிலும் ஓடியதால் உதிரிபாகங்களுக்குக் குறைவே இல்லை. தினசரி ஓட்டத்துக்கு ஒரு வண்டி வேண்டும் என்று கேட்பவருக்கு நான் டவுன் காரையே சொல்வேன். 1989இல் கிரைஸ்லர் நிறுத்திய ஃபிஃப்த் அவென்யூ இவற்றை விடச் சிறியது, மலிவானது, உள்ளே தலையணை இருக்கைகளில் மற்ற இரண்டுக்கும் சளைத்ததல்ல. அதன் கார்புரேட்டருக்கும் பொறுமை வேண்டும்.

அப்படியிருந்தும் புரோமைத் தேடுவோர் இருப்பதற்குக் காரணம், அதன் கூரான பின்னிறகுகளின் எச்சமும், நீண்ட மூடியும், முன்னால் நிற்கும் நான்கு செவ்வக விளக்குகளும் 1950களிலிருந்து வந்த ஒரு வரிசையின் கடைசி வாரிசு இது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவதுதான். டவுன் காரில் வசதி இருக்கிறது, அந்த மரபு இல்லை.

காகிதங்கள்

ஓடிய தூரத்துக்குச் சட்டப்படியான சான்று இந்த வண்டிகளில் எதிர்பார்க்க முடியாது. பத்து ஆண்டைக் கடந்த இந்தத் தலைமுறை வண்டிகளை விற்கும்போது மைல்மானி அளவை அறிவிப்பதிலிருந்து அமெரிக்க விதி விலக்கு அளித்திருக்கிறது, உரிமைப் பத்திரத்திலும் அப்படியே குறிக்கப்படுகிறது. எனவே பழைய சர்வீஸ் ரசீதுகளில் எழுதப்பட்ட மைல்கள் வரிசையாக ஏறுகின்றனவா என்பதுதான் உண்மையான சோதனை. பிரேக் பெடலின் ரப்பர், ஓட்டுநர் கதவின் கைப்பிடி, ஸ்டியரிங்கின் மேல்பாதி ஆகிய மூன்றும் அந்த மைல்களுக்கு ஒத்துப் போக வேண்டும். பதினேழு இலக்க வாகன எண்ணில் பத்தாவது எழுத்து மாடல் ஆண்டைச் சொல்லும்: எச் என்றால் 1987, ஜே என்றால் 1988, கே என்றால் 1989. எட்டாவது எழுத்து ஒய் என்று இருந்தால் அது 307 இன்ஜினோடு பிறந்த வண்டி. தொழிற்சாலைத் தேர்வுகள் அனைத்தையும் குறியீடுகளாக அச்சிட்ட ஒரு காகித ஒட்டியும் வண்டியில் இருக்கும்; டெலிகான்ஸ் சின்னத்தைப் பிறகு வாங்கி ஒட்டிய வண்டியை அது காட்டிக்கொடுத்துவிடும்.

இருபத்தைந்து ஆண்டைக் கடந்துவிட்டதால், அமெரிக்கப் பழங்கால மோட்டார் வாகனச் சங்கத்தின் கண்காட்சிகளில் புரோமுக்கு இடமுண்டு. பல மாநிலங்கள் குறைந்த கட்டணத்தில் பழங்கால வாகனத் தகடும் தருகின்றன. 1958இல் தொடங்கிய கேடிலாக்-லாசால் ஆர்வலர் சங்கத்தில் சேர்வது, நல்ல வண்டிகள் பொதுச் சந்தைக்கு வரும் முன்பே அவற்றைப் பற்றிக் கேள்விப்பட உதவும். கலிஃபோர்னியாவில் மட்டும் நிலைமை வேறு. அங்கே 1975ஆம் மாடலோடு புகைச் சோதனை விலக்கு முடிந்துவிடுவதால், புரோம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சோதனைக்குப் போக வேண்டும். கணினிக் கார்புரேட்டரை எடுத்துவிட்டு எளிய கார்புரேட்டரைப் பொருத்திய வண்டி அங்கே தேறாது.

மூன்று ஆண்டுகளுக்குள் தேர்வு செய்ய இயந்திரக் காரணம் எதுவும் இல்லை. எது நன்றாகப் பேணப்பட்டதோ அதை வாங்கலாம். 1990ஆம் மாடலுக்குத் தாவலாமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. அதில் ஏபிஎஸ் எனப்படும் பூட்டிக்கொள்ளாத பிரேக்கும், விருப்பத் தேர்வாக 175 குதிரைத்திறனுள்ள 5.7 லிட்டர் இன்ஜினும் வந்தன, அதனால் அந்த இன்ஜினுள்ள வண்டிகள் கூடுதல் விலைக்குப் போகின்றன. அதோடு நான்கு செவ்வக விளக்குகள் போய் ஒரே வார்ப்பான முகப்பு விளக்குகள் வந்தன, பின்பம்பரின் மூடிகள் மாறின, சீட் பெல்ட் கதவில் தொங்கியது. நெடுஞ்சாலையில் அதிகம் ஓட்டுபவர் கூடுதல் விலை கொடுத்து 5.7 லிட்டர் வண்டியை எடுப்பது சரியே. மாலை நேரத்தில் ஊருக்குள் மெதுவாக ஓட்ட மட்டுமே வேண்டும் என்பவருக்கு 1989 போதும்.